மூன்று ஷிப்டு இத்தாலியன்

பிரபாகரன் இத்தாலிய மொழி கற்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் திட்டக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனான். பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினான், மாப்பிள்ளை தோளில் கைபோட்டு போட்டோ எடுத்தான், கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து படுத்தான். காலையில் போனைத் திறந்தால் மைனா அழுதுகொண்டிருந்தது.

மரத்தில் உட்காரும் மைனா இல்லை இது. காசு வாங்காமல் மொழி சொல்லித் தரும் ஒரு ஆப்பின் மைனா. தினமும் ஒரு பாடமாவது முடித்தால் திரையில் ஒரு சின்னத் தீ எரியும், பக்கத்தில் நாள் எண்ணிக்கை ஏறும். ஒரு நாள் விட்டால் போச்சு, தீ அணையும், எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும், மைனா கண்ணைக் கசக்கும். எட்டு நாள் பாடுபட்டு வளர்த்த தீ ஒரு டம்ளர் பாயசத்தில் அணைந்துவிட்டது.

சூளைக்காரனிடம் போய்த் தீ அணைந்துவிட்டது என்று சொன்னால் அவன் சும்மா இருப்பானா?

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாகச் சூளை பார்க்கிறவன் பிரபாகரன். ரயில் குகை மாதிரி நீளமான சூளை அது. ஒரு பக்கம் பச்சைக் கட்டைகளை ஏற்றிய வண்டி உள்ளே போகும், மறுபக்கம் வெந்த கட்டைகளோடு வெளியே வரும். ஒரு தடவை பற்றவைத்தால் மாதக்கணக்கில் அணைக்கக் கூடாது. அணைந்து குளிர்ந்தால் உள்ளே செங்கல்லெல்லாம் விரிசல் விடும், அதற்கப்புறம் முதலாளி வாயைத் திறப்பார், அதை மூட யாராலும் முடியாது. ஆகையால் மூன்று ஷிப்டு. காலை ஆறிலிருந்து இரண்டு வரை வளர்மதி, இரண்டிலிருந்து பத்து வரை பிரபாகரன், அதற்குப் பிறகு விடியும்வரை கோவிந்தராசு. ஷிப்டு மாறும்போது ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். வெப்பம் இவ்வளவு, கேஸ் அழுத்தம் இவ்வளவு, தள்ளிய வண்டி இத்தனை.

மைனா அழுத அன்று பிரபாகரனுக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. சூளைத் தீயை மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம், இந்தத் தீயை மட்டும் நான் ஒருத்தன் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அன்றைக்கே தன் கணக்கின் பாஸ்வேர்டை மற்ற இரண்டு பேர் போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

இவனுக்கு இத்தாலி எதற்கு என்று கேட்பீர்கள். வயது முப்பத்து மூன்று. இதுவரை மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் காபி கொடுத்தார்கள், மூன்று இடத்திலும் சூளை வேலையா என்று இழுத்தார்கள். கடைசியாக நல்லூரில் பார்த்த பெண்ணின் அம்மா, பையன் கிட்ட வந்தாலே அனல் அடிக்குதே என்று சொன்னதாக அவன் காதுக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் புதுச்சேரி ஏஜென்சி ஒன்று விளம்பரம் போட்டிருந்தது. இத்தாலியில் தரை ஓடு செய்யும் கம்பெனிக்குச் சூளை ஆள் வேண்டும், ஒரே ஒரு இடம், கொஞ்சமாவது இத்தாலியன் பேச வேண்டும். அங்கே சூளைக்காரன் ஏசி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். ஏசியில் உட்காருகிறவன் மேல் அனல் எப்படி அடிக்கும், அதையும் பார்த்துவிடுவோம் என்று பிரபாகரன் பல்லைக் கடித்தான். அவன் உயிரே அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

அப்புறம் ஷிப்டு நோட்டில் புது வரி ஒன்று சேர்ந்தது. வெப்பம் 1190, கேஸ் சரி, வண்டி பதினொன்று, மைனா இரண்டு பாடம்.

கோவிந்தராசுவுக்கு ஐம்பத்தாறு வயது. கண்ணாடி போட மாட்டார், போட்டால் கிழவன் என்று தெரிந்துவிடுமாம். ஆகவே அவர் படத்துக்குப் படம் ஜோடி சேர்க்கும் விளையாட்டை மட்டும் ஆடினார், அதிலும் பாதி தப்பு. வளர்மதி வேறு ரகம். நாற்பத்தொரு வயது, இங்கேயே பாலிடெக்னிக்கில் செராமிக் டிப்ளமா படித்தவள். ஒரு முறை முடித்த வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் கோபம் வரும். தினமும் புதுப் பாடம்தான் திறப்பாள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கிற நாற்பது நிமிடத்தில் சூளைச் சுவரைப் பார்த்து சத்தமாக இத்தாலியன் பேசுவாள். சுவர் பதில் பேசாததால் கணவன் மாணிக்கவேலோடு பேசுவதைவிட அது சுகமாக இருந்தது என்று அவளே ஒரு நாள் சொன்னாள்.

நம் கதாநாயகன் என்ன செய்தான்? முதல் பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்தான். பூனை பால் குடிக்கிறது. அவள் பால் குடிக்கிறாள். நான் பால் குடிக்கிறேன். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும், தப்பே வராது, தீயும் அணையாது. நோட்டில் மைனா ஒரு பாடம் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். எந்த ஷிப்டில் எரித்தாலும் வெந்த கட்டை வெந்த கட்டைதானே என்பது அவன் நியாயம். அதே நியாயம் தன் மண்டைக்கும் செல்லும் என்று நம்பினான் பாருங்கள், அங்கேதான் கெட்டான்.

இருநூற்று நாற்பத்து மூன்றாம் நாள் ஏஜென்சிக்குத் தன் கணக்கைப் படம் பிடித்து அனுப்பினான். ஒரு நாள்கூட விடாத தீ, எழுபத்தெட்டு பாடப் பிரிவு, தங்கப் பதக்கம் ஆறு. அவர்களுக்கு வாயெல்லாம் பல். மொத்தம் வந்த விண்ணப்பத்தில் இவ்வளவு உழைத்தவர் வேறு யாருமில்லை என்று எழுதினார்கள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இத்தாலியிலிருந்து நேராக வீடியோவில் பேசுவார்கள் என்றும் எழுதினார்கள்.

அந்த மெயிலைப் படித்த பிறகுதான் பிரபாகரனுக்குக் குளிர் எடுத்தது. ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு குளிர் எடுத்தது. ஓடிப் போய் வளர்மதியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இருந்தாலும் ஷிப்டு முடிந்து அரை மணி நேரம் இருந்து உதவுகிறேன் என்றாள். போனுக்குப் பின்னால் நின்று பதிலைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதிக் காட்டுவாள், இவன் வாசித்துவிட வேண்டும். ஏற்பாடு அதுதான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் தண்ணீர்க் குடத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தான். இரண்டு மணிக்குத் திரையில் ஒரு அம்மா வந்தாள். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அவளும் சூளை பார்த்து மேலே வந்தவள் என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. வணக்கம் சொன்னாள், இவனும் சொன்னான். பேர் கேட்டாள், அதையும் எப்படியோ சொன்னான். அப்புறம் அவள் நீளமாக ஒன்று கேட்டாள். பிரபாகரன் சிரித்தான். அவள் அதையே மெதுவாகக் கேட்டாள். பிரபாகரன் இன்னும் நன்றாகச் சிரித்தான்.

வளர்மதி வேகவேகமாக எழுதி அட்டையைத் தூக்கினாள். பதற்றத்தில் தலைகீழாகத் தூக்கிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நேராகப் பிடித்திருந்தாலும் இவன் கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எட்டு மாதப் படிப்பும் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"இல் கத்தோ பேவே இல் லாத்தே," என்றான் பிரபாகரன்.

பூனை பால் குடிக்கிறது. அந்த அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தாள்.

வளர்மதிக்குத் தாங்கவில்லை. கேட்ட கேள்வி அப்படி. பாதி வேலையில் சூளை வெப்பம் திடீரென்று நாற்பது டிகிரி இறங்கினால் முதலில் என்ன செய்வாய்? இருபது வருடம் சூளை பார்த்தவள் காதில் இது விழுந்தால் வாய் தானாகத் திறக்காதா? முதலில் கேஸ் அழுத்தத்தைப் பார்ப்பேன், வண்டி தள்ளுவதை நிறுத்துவேன், எந்தக் காரணம் கொண்டும் கதவைத் திறக்க மாட்டேன் என்று அட்டைக்குப் பின்னாலிருந்து கடகடவென்று இத்தாலியனில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

அந்த அம்மா திரைக்குள் எட்டிப் பார்த்தாள். யார் அது என்று கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும் மொழி தெரியாமலே பிரபாகரனுக்குப் புரிந்தது.

குட்டு உடைந்துவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. எல்லாவற்றையும் தமிழில் கொட்டினான். ஷிப்டு போட்டுப் படித்தது, நோட்டில் எழுதியது, தான் பூனைப் பாடத்தைத் தாண்டாதது, அக்காதான் அத்தனையும் படித்தது. இதை அப்படியே அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்று வளர்மதியைக் கேட்டுக்கொண்டான். அவள் சொன்னாள். அந்த அம்மா மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ சொன்னாள், வளர்மதி அதைத் தமிழில் சொன்னாள். உண்மையைச் சொன்னதற்காக மூன்று மாதம் தவணை தருகிறாளாம், ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தால் இந்த இடம் அவனுக்குத்தானாம்.

போன உயிர் வந்தது பிரபாகரனுக்கு. இரண்டு கையும் கூப்பினான். அப்போதுதான் மனசுக்குள் ஒன்று உறுத்தியது. இவ்வளவு நீளமாகத் தான் சொன்னதை அக்கா இரண்டே வரியில் முடித்துவிட்டாளே.

"நான் சொன்னத முழுசா சொன்னீங்களாக்கா?"

"பாதி சொன்னேன்."

"எந்தப் பாதி?"

"பூனைப் பாதி. மத்தது எதுக்குப்பா. என்னைய யாரு கேட்டாங்க, நான் எங்க போவப் போறேன்."

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இத்தாலி அவனுக்கு. நல்லூர்க்காரி முகத்தில் கரியைப் பூசியிருக்கலாம். அக்காவே விட்டுக் கொடுக்கிறாள், இவனுக்கென்ன? ஆனால் எட்டு மாதமாகத் தினமும் இரண்டு மணிக்கு உள்ளே நுழையும்போது, சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த அவள் முகத்தைப் பார்த்தவன் அவன். அந்த முகம் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"மீதியையும் சொல்லுங்க," என்றான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். இவன் போனைப் பக்கத்தில் இழுத்தான். தன்னிடம் இருந்த சரக்கோ ஒரே ஒரு பாடம். அதற்குள் கையை விட்டுத் துழாவினான். நான் இருந்தது, அவள் இருந்தது, பூனை இருந்தது.

நெஞ்சைத் தொட்டுச் சொன்னான். "இயோ, கத்தோ." பிறகு வளர்மதியைக் கைகாட்டினான். "லேய், இத்தாலியானோ."

நான் பூனை. அவள் இத்தாலியன்.

இந்தத் தடவை அந்த அம்மா சிரிக்கவில்லை. வளர்மதியைக் கேமரா முன்னால் வந்து உட்காரச் சொன்னாள்.

சூளையில் மணி அடித்தது. வண்டி தள்ளும் நேரம். ஷிப்டு இப்போது அவனுடையது, எழுந்து போனான். வண்டியைத் தள்ளும்போது உள்ளே இரண்டு பெண்களும் பேசுவதும் சிரிப்பதும் கேட்டது. அவனுக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது.

பதினைந்து நாளில் வளர்மதிக்கு வேலை உத்தரவு வந்தது. மாணிக்கவேல் கேட்ட முதல் கேள்வி, அங்கே சோத்துக்கு என்ன பண்ணுவே என்பது. இங்கே நீங்க என்ன பண்ணுவீங்கன்னு யோசிங்க என்றாளாம். கம்பெனி கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தாயிற்று, ஒன்றே ஒன்று பாக்கி. மொழி படித்த ஆப்பின் சான்றிதழ் அவள் பேரில் வேண்டும். கணக்கோ பிரபாகரன் பேரில் இருக்கிறது. புதிதாக ஒன்று தொடங்கி முதலிலிருந்து முடித்துவிடுகிறேன் என்றாள் வளர்மதி.

"எரியற தீய யாராவது அணைப்பாங்களாக்கா?" என்றான் பிரபாகரன்.

ஆப்பில் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். அந்த இடத்தில் வளர்மதி என்று எழுதினான், தன் போட்டோவை எடுத்துவிட்டு அவள் போட்டோவை வைத்தான். இருநூற்று அறுபத்தாறு நாள் தீ அவள் பேருக்குப் பக்கத்தில் எரிந்தது. வளர்மதி எதையோ சொல்ல வந்தாள். அழுகை முந்திக்கொண்டது. அவன் நோட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அன்று மாலை புதுக் கணக்கு ஒன்று தொடங்கினான். ஒன்றாம் நாள். முதல் பாடத்தில் பூனை வந்தது, பால் குடித்தது. அந்தப் பாடத்தில் அவனை அடிக்க விருத்தாசலத்தில் ஆள் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு முடித்தான். டீ குடிக்க எழுந்தான். நின்றான். திரும்ப உட்கார்ந்து இரண்டாம் பாடத்தைத் திறந்தான். ஏழு தப்பு வந்தது.

பத்து மணிக்கு வந்த கோவிந்தராசு வழக்கம்போல நோட்டை எடுத்து, கையை நீட்டி எட்டப் பிடித்து வாசித்தார். வெப்பம் 1190. கேஸ் சரி. வண்டி பன்னிரண்டு. மைனா இரண்டு பாடம், வேறு யாரும் தொட வேண்டாம்.