கண்ணை மூட வேண்டிய இடம்

"இந்த வாரம் வேணாம்," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார் என் வீட்டுக்காரர். "நீ வந்தேன்னா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுதான் உட்காரணும். அதுக்கு வீட்டுலயே படுத்துத் தூங்கலாம்."

எங்கள் வீட்டில் சினிமா பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. எனக்கு ரத்தம் ஆகாது. காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டாலே தலை சுற்றும். திரையில் வருவது வெறும் சாயம் என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்த உடம்புக்கு ஏறாது. ஆனால் சினிமா என்றால் எனக்கு உயிர். கல்யாணமான புதிதில் பாதிப் படத்தில் நான் மயங்கிச் சரிய, இவர் என்னைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் படியில் இறங்கியதைப் படத்தைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை பட்டறையில் மதியத்துக்கு மேல்தான் வேலை. காலைக் காட்சிக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வெட்டுக்குத்து வருவதற்குச் சற்று முன்னால் என் முழங்கையில் ஒரு தட்டு, கண்ணை மூடிக்கொள்வேன். முடிந்ததும் இன்னொரு தட்டு, திறந்துகொள்வேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இத்தனை வருஷத்தில் சினிமாவில் யாரும் யாரையும் அடித்து நான் பார்த்தது கிடையாது. சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு நடந்து வரும் கதாநாயகனை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும், அவள் புருஷன் அவளை மார்க்கெட்டுக்குக்கூடக் கூட்டிப் போனதில்லை.

இந்தப் படத்துக்கு டிக்கெட் கொடுத்தது என் தம்பி. இதில் கதாநாயகனாக நடித்தவரின் ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, வாடகை அறை, பழைய பைக், இவ்வளவுதான் அவனுடைய சொத்து. ஆனால் படம் வெளியாகிற வாரம் அவனைப் பிடிக்க முடியாது. தெருவில் நாலு பேர் "செயலாளரே" என்று கூப்பிட்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் நான். அந்த முதுகு நிமிர்வதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"வாசல்ல ஒரு பொண்ணு மைக்க நீட்டிச்சு," என்றார் இவர், கை கழுவிக்கொண்டே. "படம் எப்படின்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்கிட்ட சொன்னதத்தான்."

அவர் சாப்பிட்டு எழுவதற்குள் அந்த வீடியோ போன் போனாய்ப் பரவியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் கொண்டுவந்து காட்டினாள். தியேட்டர் வாசலில், தூக்கம் கலையாத முகத்தோடு, நெற்றியில் வெல்டிங் கண்ணாடி பதிந்த தழும்போடு என் புருஷன் நிற்கிறார். "என் பொண்டாட்டிக்கு ரத்தம் ஆகாதுங்க. எந்த இடத்துல கண்ண மூடணும்னு நான் முன்னாடியே பார்த்துட்டுப் போய்ச் சொல்லுவேன். இதுல எங்க திறக்கணும்னுதான் தேடிப் பார்த்தேன், கிடைக்கல." அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, பிடித்த காட்சி எது என்று கேட்கிறாள். "இடைவேளை," என்கிறார் இவர், யோசித்து, நேர்மையாக.

அதில் யார் யாரோ குறட்டைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். இவர் முகத்தை உப்ப வைத்து, இடைவேளை இடைவேளை என்று அவரையே பத்துத் தடவை சொல்ல வைத்திருந்தார்கள். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். என் மயக்கத்தைப் பற்றி ஊர் உலகத்துக்கே சொல்லிவிட்டாரே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டேன். யாரையும் நோகடிக்கத் தெரியாத மனுஷன். கேட்டதற்குப் பதில் சொன்னார். மைக்கை நீட்டிக் கேட்பவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்பது வேறு கணக்கு என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். குரலே வேறு மாதிரி இருந்தது.

"மாமா என்னக்கா பண்ணி வச்சிருக்காரு? என் மூஞ்சில எல்லாரும் காறித் துப்பறாங்க. நான் குடுத்த டிக்கெட்டுல போய் உட்கார்ந்துட்டு அண்ணன் படத்தக் கேவலப்படுத்தியிருக்காரு."

"அவரு என்னடா கேவலமா சொன்னாரு? பிடிக்கலன்னாரு. பிடிக்கலன்னா பிடிக்கலன்னுதானே சொல்ல முடியும்?"

"உனக்குப் புரியாதுக்கா," என்று வைத்துவிட்டான். இரண்டு நாள் போனால் தணிந்துவிடுவான் என்று நானும் விட்டுவிட்டேன். சின்ன வயதில் அவனுக்குக் கோபம் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான், பசித்ததும் வந்துவிடுவான்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை. முதலாளி வெளியே போயிருந்தார். இவர் மட்டும் தரையில் குத்துக்காலிட்டு ஒரு பெரிய கேட்டுக்குக் குறுக்குச் சட்டம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் தூக்கை மேசையில் வைக்கவும் இரண்டு பைக்குகள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தம்பியோடு இன்னும் மூன்று பேர். அதில் தாடி வைத்த ஒருவன் இறங்கும்போதே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

"மாமா, ஒரே ஒரு வீடியோ," என்றான் தம்பி. "தப்பா சொல்லிட்டேன், படம் நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சிடும்."

இவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். "அவ்வளவுதானே, சொல்றேன்டா. உனக்காக சூப்பர்னே சொல்றேன்."

அத்தோடு முடிந்திருக்கும். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன், அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தாடிக்காரன் குறுக்கே வந்தான். "அது பத்தாது. எதிர் கோஷ்டிகிட்ட காசு வாங்கிட்டுத்தான் அப்படிப் பேசினேன்னு சொல்லச் சொல்லுங்க."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காசு குடுத்திருந்தா இன்னும் நாலு வார்த்தை சேர்த்துல்ல தம்பி சொல்லியிருப்பேன்?" பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லப்பா. நல்லா இருக்குன்னு சொல்றேன். காசு வாங்கினேன்னு சொல்ல மாட்டேன்," என்றார்.

"உங்க மாமான்னுதானே செயலாளரே பார்க்கறீங்க?" என்றான் தாடிக்காரன். "வேற எவனாவது இருந்தா இந்நேரம் விட்டு வச்சிருப்பீங்களா?"

தம்பி சட்டைக் கையை மடித்தான். மெதுவாக, ஒவ்வொரு மடிப்பாக, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. வேலை செய்யப் போகிறவன் அப்படி மடிக்க மாட்டான். சுவரோரம் சாய்த்திருந்த சதுரக் குழாய் ஒன்றை எடுத்தான். நான் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை.

முதல் அடி முழங்காலுக்குக் கீழே விழுந்தது. காய்ந்த விறகு உடைகிற சத்தம். சினிமாவில் ஆட்கள் இரண்டு ஆள் உயரத்துக்குப் பறந்து விழுவார்களாம். இவர் எங்கேயும் பறக்கவில்லை, இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் மடங்கினார். முகமூடி கழன்று உருண்டது. இரண்டாவது அடி விலாவில். "டேய்," என்றார், ஏதோ தவறுதலாகக் காலை மிதித்துவிட்டவனிடம் சொல்வதுபோல. மூன்றாவது அடிக்குக் கையைக் குறுக்கே கொடுத்தார். விரல்கள் நசுங்கி, குழாய் நழுவி, வாயைக் கிழித்தது. அப்புறம் கணக்கில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். என் இடுப்பில் உட்கார்ந்து தூங்கியவன், எச்சில் ஒழுக என் தோளை நனைத்தவன், மாட்டை அடிப்பதுபோல் என் புருஷனை அடித்தான். தாடிக்காரன் படம் பிடித்தான். மற்ற இருவரும் விசில் அடித்தார்கள்.

கண்ணை மூடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தட்ட வேண்டியவர் தரையில் கிடந்தார். எல்லாவற்றையும் பார்த்தேன். தலை சுற்றவில்லை, மயக்கம் வரவில்லை. சூடான சாப்பாட்டோடு தூக்கை எடுத்துச் சுழற்றித் தம்பியின் முகத்தில் ஓங்கி அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. திரும்பவும் அடித்தேன், மூக்கில் பட்டது. தாடிக்காரன் என் முடியைப் பிடித்து இழுத்தான். மேசையில் கிடந்த சுத்தியலால் அவன் கையைப் பார்த்துப் போட்டேன். போன் பறந்துபோய்ச் சுவரில் உடைந்தது, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினான். அந்த அலறல் எனக்கு இனித்தது. இன்னொன்று போட ஓங்கினேன். ஓடிவிட்டார்கள். தம்பி மட்டும் குழாயைக் கையில் பிடித்தபடி, படம் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டதுபோல விழித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா," என்றான்.

"போடா வெளிய," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

காலில் இரண்டு இடத்தில் முறிவு. விலாவில் மூன்று எலும்பு. வலது கை விரல்கள் இனி சரியாக மடங்குமா என்பதைக் கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்தக் கைதான் எங்கள் அடுப்பை எரிக்கிற கை. அம்மா போன் செய்து அழுதாள். "கேட் மேல விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. உன் கூடப் பிறந்தவன்டி. ஜெயிலுக்குப் போனா அவன் வாழ்க்கையே போச்சு." இவருக்கு மயக்க மருந்து தெளிந்ததும் தையல் போட்ட வாயால் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். "கேட்டு... கேட்டு விழுந்துச்சுன்னு சொல்லிடு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவராக இருப்பதற்கும் ஓர் எல்லை வேண்டாமா? கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்துகொண்டு அடித்தவனுக்கு வக்காலத்து வாங்குகிற மனுஷனை அந்த நிமிஷம் நானே நாலு அறை விடலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ்காரர் வந்தார். தொப்பையும் வியர்வையுமாக, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அட, நீங்க அந்த இடைவேளை ஆளுதானே! என் பொண்ணு நேத்து முழுக்க அதையே காட்டிச் சிரிச்சிட்டிருந்தா." பிறகு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

"கேட்டு விழுந்துடுச்சுங்க," என்றார் இவர்.

போலீஸ்காரர் எழுத ஆரம்பித்தார். நான் வார்டு வாசலைப் பார்த்தேன். தம்பி அங்கே நின்றுகொண்டிருந்தான். புருவத்தில் பிளாஸ்திரி, மூக்கு வீங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. உள்ளே வரத் தைரியமில்லை, போகவும் மனசில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பழகியவன்.

நான் எழுந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போன அதே பிடி. அவன் திமிறவில்லை. நானும் விடவில்லை. கட்டில் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து போலீஸ்காரருக்கு முன்னால் நிறுத்தினேன்.

"கேட்டு விழலங்க. இவன் அடிச்சான். என் தம்பி. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். போலீஸ்காரர் எழுதியதை அடித்தார். அவனை ஏற இறங்கப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தூக்கிக் கட்டியிருந்த காலைப் பார்த்தார்.

"சினிமாவுக்காகவா?" என்றார்.

அவர் பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு இவர் பக்கம் குனிந்தார். கேலி இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அப்படி என்னதாங்க இருக்கு அந்தப் படத்துல? உள்ளபடி சொல்லுங்க, எப்படித்தான் இருந்துச்சு?"

இவர் கண்ணைத் திறந்தார். தையல் இழுக்க, உதட்டை மெல்லப் பிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கினார். என் பிடிக்குள் தம்பியின் மணிக்கட்டு துடித்தது. ஓடத்தான் பார்க்கிறான் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தேன். அவன் ஓடவில்லை. கட்டிலை நோக்கி ஓர் அடி முன்னால் வந்து, வீங்கிய முகத்தைத் தாழ்த்தி, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.