அவள் இடது கைக்கு எழுதியது

பாட்டு எழுதிப் பட்டம் வாங்குவதென்றால் ஊர் உலகத்துக்கு இளக்காரம்தான். "அதுக்கும் ஆராய்ச்சியா?" என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. அவனும் விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் "ஆமாங்க, அதுக்கும்தான்" என்று நகரப் பழகியிருந்தான். இரண்டு வயலின், ஒரு கிளாரினெட், ஒரு பியானோ, ஒரு செல்லோ. இந்த ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு வாசிக்கப் புத்தம்புதிதாக ஓர் இசையை எழுத வேண்டும். ஏன் அப்படி எழுதினேன் என்று தடியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். தேர்வாளர்கள் முன்னால் அதை மேடையேற்ற வேண்டும். முனைவர் பட்டம் அவ்வளவுதான்.

பட்டம் கிடக்கட்டும். அவன் எழுத உட்கார்ந்ததே செல்லோவுக்காக. செல்லோ வாசிப்பவள் அவன் பெண்டாட்டி. அந்தப் பெரிய வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, இடது கை விரல்கள் கம்பிகளின் மேல் ஏறி இறங்க அவள் வாசித்ததைப் பார்த்துத்தான் அவன் விழுந்தான். அந்தக் கைக்கென்றே, அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல, எழுதினான். எழுதி முடித்த சமயம் பார்த்து அவளுடைய சுண்டு விரல் மரத்துப்போக ஆரம்பித்தது.

டாக்டர் படம் எடுத்தார், ஊசி குத்திப் பார்த்தார், நரம்பு என்றார். "ஒவ்வொரு விரலா போகும்மா. மெதுவா போகலாம், வேகமாவும் போகலாம். திரும்ப வரும்னு பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை." வீடு திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "உங்க பாட்டை ஒரே ஒரு தடவை மேடையில வாசிச்சிடறேன். அது போதும்," என்றாள். என்ன ஆனாலும் அவளை அந்த மேடையில் உட்கார வைத்துவிடுவது என்று அப்போதே அவன் மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான்.

அவன் பென்சிலில் எழுதுகிறவன். சுண்டு விரல் தொடவேண்டிய ஸ்வரங்களை எல்லாம் அழித்து, மிச்ச விரல்களுக்குத் தோதாக மாற்றினான். "இங்க கொஞ்சம் மாத்தியிருக்கேன். இப்படித்தான் நல்லா இருக்குன்னு தோணிச்சு," என்று கூசாமல் புளுகினான். அவள் தாளை வாங்கி வாசித்தாள். மோதிர விரல் போனது. மறுபடி அழித்தான், மறுபடி புளுகினான். வீட்டுக்கு வந்த அவளுடைய அண்ணன் மேஜைமேல் கிடந்த ரப்பர் தூளைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, எழுதறீங்களா, இல்ல அழிக்கறீங்களா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவனும் ஒப்புக்குச் சிரித்து வைத்தான்.

இதில் கூத்து என்னவென்றால், அவனுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியருக்குப் பரம சந்தோஷம். தாள் வெளுக்க வெளுக்க அவர் முகம் மலர்ந்தது. "குறைச்சுக்கிட்டே போறீங்க பாருங்க, அதுதான் துணிச்சல்! இதையே கட்டுரையில ஒரு அத்தியாயமா எழுதுங்க." என் மனைவிக்கு விரல் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், சொன்னால் வேறு ஆளைப் போடச் சொல்லிவிடுவாரே என்று பயந்து தலையாட்டினான். வெறுமையின் இலக்கணம், மௌனத்தின் அழகியல் என்று என்னென்னவோ தலைப்புகள் போட்டு எழுதினான். பாட்டு மெலிந்துகொண்டே போனது, கட்டுரை கொழுத்துக்கொண்டே போனது. சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் எழுதினான். ஆனாலும் எழுதினான்.

நடுவிரலும் தள்ளாட ஆரம்பித்தபோது, செல்லோவுக்கு மிஞ்சியவை ஆள்காட்டி விரல் அழுத்தும் ஒன்றிரண்டு ஸ்வரங்களும், விரலே வைக்காமல் வில்லால் இழுக்கும் வெறுங்கம்பிகளும்தான். மற்ற நாலு பேருடைய பகுதிகளையும் அதற்கேற்றபடி குறைத்தான். ஒருத்தி நடக்கவே முடியாமல் வரும்போது கூட வருகிறவர்கள் ஓடினால் நன்றாகவா இருக்கும்?

தேர்வுக்கு முந்தின ஒத்திகை, கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நடந்தது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு. இருமினால்கூட இருமல் நமக்கே அந்நியமாகக் கேட்கும். அவள் ஆள்காட்டி விரலைக் கம்பியில் வைத்தாள். விரல் போய் உட்கார்ந்தது, அழுத்த மாட்டேன் என்றது. வில்லை இழுத்ததும் ஸ்வரத்துக்குப் பதில் கரகரவென்று ஏதோ வந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே கரகரப்பு. வயலின்காரர்கள் இருவரும் அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலத் தங்கள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளாரினெட்காரர், "அவசரமில்லக்கா, மெதுவா," என்றார். அவள் வில்லைத் தாழ்த்தி மடியில் வைத்தாள்.

"வேற யாரையாவது கூப்பிடுங்க."

"அந்த ஸ்வரத்தையும் எடுத்துடறேன்மா. ஒரே நிமிஷம். வெறுங்கம்பி மட்டும் இருந்தாப் போதும்..." அவன் பென்சிலைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினான்.

"போதுங்க," என்றாள். செல்லோவைப் பெட்டியில் வைத்து மூடி, வெளியே எடுத்துப் போனாள்.

மாடியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த செல்லோ ஆசிரியரை அவருடைய வாத்தியத்தோடு கூட்டி வந்தார்கள். நரைத்த தாடி, எதிலும் ஒரு வேகம். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? வேற பக்கம் ஏதாவது விட்டுப்போச்சா?" என்றார். கிண்டல் இல்லை, பாவம், நிஜமாகவேதான் கேட்டார். இவ்வளவுதான் என்றதும் உட்கார்ந்து பிசிறில்லாமல் வாசித்தார். அவருடைய இடது கை பெரும்பாலும் சும்மாவே இருந்தது. அவன் கேட்டான். கேட்கக் கேட்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லை. இத்தனை நாளும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது அவளைத்தான். அவள் எழுந்துபோனதும் தாளில் மிஞ்சியிருந்தது சுரண்டித் தின்ற பாத்திரம். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த பேராசிரியர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா," என்றார். "பட்டம் உங்களுக்குத்தான், போங்க."

வெளியே நடையில், பாதி திறந்திருந்த கதவை ஒட்டி, மூடிய செல்லோப் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவர் நல்லா வாசிக்கறாருங்க."

"ம்."

"முதல்ல எழுதினீங்களே, அதை அவர் கையில குடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்! எனக்கு முதல் பக்கம்தானே வாசிக்கக் கிடைச்சுது. அதுக்குள்ள விரல் போயிடுச்சு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அதை அவரை வாசிக்கச் சொல்லுங்க. நான் கீழ உட்கார்ந்து கேட்கறேன். தேர்வுக்கு இல்லைன்னாலும் பரவாயில்லை, எனக்காக."

அவள் வாசிக்க வேண்டும், வாசிக்க வேண்டும் என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்கினானே தவிர, வாசிக்க முடியாவிட்டாலும் கேட்க அவளுக்குக் காது இருக்கிறது என்பது அந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

"அதே தாள்லதான்மா அழிச்சு அழிச்சு எழுதினேன்," என்றான்.

"எனக்காகத்தான் அழிக்கறீங்கன்னு ஒவ்வொரு தடவையும் தெரியும்," என்றாள். "முதல்ல எழுதினதை ஒரு பிரதி எடுத்து வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் தோளைத் தொட்டாள். எந்தக் கையால் தொட்டாள் என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"சரி, அழாதீங்க. முதல் பக்கம் எனக்கு மனப்பாடம். அதுக்கப்புறம் வர்றதைப் பாடிக் காட்டுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். முதல் பக்கம் முழுவதும் அவளும் கூடவே முணுமுணுத்தாள். பக்கம் முடிகிற இடத்தில் அவள் நிறுத்திக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தொடர்ந்தான். குரல் இறங்கி, ஒரே ஸ்வரத்தில் நீளமாக நின்றது.

"அது இப்ப அவர் வாசிச்சதுங்க," என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பாடினான். மறுபடியும் அங்கேயே வந்து நின்றான்.