மேஸ்திரி இல்லாத நாலு வண்டி

திரையில் நான்கு சின்னக் கட்டங்கள் நகர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு வண்டி. இரண்டு குறுக்குப் பாதையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மற்ற இரண்டும், யாருமே இல்லாத இன்னொரு குறுக்குப் பாதையைப் பார்த்தபடி அசையாமல் நின்றன.

"மேஸ்திரி இல்லாத வேலை இப்படித்தாம்மா இருக்கும்," என்றார் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் ஐயாதுரை. "திங்கக்கிழமை காலையில பாப்பேன். அப்பவும் ஓடலேன்னா, மேல ஒரு மெயின் புரோகிராமைப் போடுங்க. அது சொல்லட்டும், நாலும் கேக்கட்டும். அப்படியே எழுதிக் குடுத்திருங்க."

அசீனாவின் முகம் சுருங்கிவிட்டது. மேஸ்திரியைப் போட்டுவிட்டால் இந்த ஆராய்ச்சியில் மிச்சம் ஒன்றுமில்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் அது அவளுக்குக் கடைசி வருஷம். 1994. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர், கூட்டாளி காளிராஜ் ராஜபாளையம். அவனுடைய அண்ணன் வேலை பார்க்கும் நூல் மில்லைச் சுற்றிப் பார்த்த அன்று தோன்றிய யோசனை இது. மில்லுக்குள் சரக்குத் தள்ளும் வண்டிகள் தாமாகவே பேசி, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களே வேலையை எடுத்துக்கொண்டால் என்ன? வண்டிக்கு ஒன்றாக நான்கு கம்ப்யூட்டர்கள், நடுவில் பேச ஒரு வயர். எல்லாம் தெரிந்த தலை ஒன்றும் கிடையாது. துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "மேல யாரும் வேண்டாம் சார், அதுகளே பாத்துக்கிடும்," என்று சொன்னவள் அசீனாதான். சிரித்தவர்களின் முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க இருவரும் ஆய்வகத்தில் கிடந்தார்கள். அசீனா புரோகிராம் எழுதிய இரண்டு வண்டிகளை மட்டும் ஓட்டினால் சோடி மாடு மாதிரி ஒழுங்காக ஓடின. காளிராஜ் எழுதிய இரண்டை மட்டும் ஓட்டினாலும் அப்படியே. நான்கையும் சேர்த்தால்தான் அடிதடி.

"உன் வண்டிக ஒரு மாதிரி திமிர் பிடிச்சது," என்றான் காளிராஜ்.

"உன் வண்டிக செவிடு. நான் சொல்லச் சொல்ல கேக்கவே மாட்டேங்கு."

திரையின் அடியில் வண்டிகளின் பேச்சு வரிவரியாக ஓடியது. பேச்சு என்றால் குறுக்குப் பாதைக்கு இரண்டே சொற்கள்தான்: 'வழி', 'வாரேன்'. கல்லூரி பஸ்ஸில் வரும்போது பேசி முடிவு செய்தவை. ஒன்று நெருங்கும்போது சொல்ல, ஒன்று கடந்த பிறகு சொல்ல. இருவரும் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இருவருக்கும் எல்லாம் சரியாகவே பட்டது. வயரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, காளிராஜ் மேசைக்கு அடியில் புகுந்தான்.

சாயங்காலம் கல்லூரி பஸ் ஹாரன் அடித்தது. அசீனா பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைப் போட்டாள்.

"அசீனா, இந்த முனையைச் செத்த நேரம் பிடி," என்று மேசைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. ஏ.சி. இரைச்சலில் அது அவள் காதில் விழவில்லை.

"காளி, வாரேன்," என்றாள்.

அவன் வயரைப் பிடித்தபடி காத்திருந்தான். கை கடுத்தது. ஆளைக் காணோம். வெளியே வந்து பார்த்தால் அவள் பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். வெறுங்காலோடு ஓடினான்.

"வாரேன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போற? எம்புட்டு நேரமா வயரைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"போறதுக்குத்தான வாரேன்னு சொன்னேன். பின்ன, போறேன்னா சொல்லுவாக?"

சொன்ன வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு காலைக் கீழே எடுத்தாள்.

"காளி, உன் வண்டி எப்ப வாரேன்னு சொல்லும்?"

"வரும்போதுதான். நான் வாரேன், நில்லுன்னு. கடந்த பொறவு 'வழி'ன்னு சொல்லும், வழி கெடக்குன்னு அர்த்தம். உன்னுது?"

"என்னுது வரும்போது வழி கேக்கும். கடந்துட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லும்."

காளிராஜ் தலையில் கை வைத்தான். அவள் வண்டி விடைபெறும்போதெல்லாம் அவன் வண்டி மரியாதையாக ஒதுங்கி நின்றிருக்கிறது. அவள் வண்டி வழி கேட்டபோதெல்லாம், வழி கிடக்கிறது என்று அவன் வண்டி பாய்ந்திருக்கிறது.

"ஏறுதியளா இல்லையா?" என்றார் டிரைவர்.

"நீங்க போங்கண்ணே, நான் டவுன் பஸ்ல வந்துக்கிடுதேன்."

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் 'வழி'யை இருவரும் ஒரே மூச்சில் தூக்கி எறிந்தார்கள். நெருங்கும்போது 'வாரேன்' என்று காளிராஜுக்கு விட்டுக்கொடுத்தாள். கடந்த பிறகு?

"போறேன்னு போடு," என்றான்.

"எங்க வீட்ல அந்த வார்த்தையே கெடையாது. கை வராது எனக்கு."

"அப்ப போயிட்டேன்."

"வண்டி செத்துப் போச்சான்னு கேப்பாக."

கடைசியில் 'தாண்டியாச்சு' என்று தட்டினார்கள். நான்கு கட்டங்களும் நகர்ந்தன, நின்றன, ஒதுங்கின, தாண்டின. காளிராஜ் மேசையில் தாளம் தட்டினான்.

திங்கட்கிழமை ஐயாதுரை வந்து பார்த்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். திரையில் ஒரு வண்டி அணைந்துபோனது; அதன் சரக்கு பாதையில் நின்றது. மிச்ச மூன்றும் தங்களுக்குள் நாலு வரி பேசின. பக்கத்திலிருந்த ஒன்று திரும்பி வந்து அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டு போனது.

"முந்தி ஏன் முட்டுச்சு?" என்றார்.

அசீனா மறைக்காமல் சொன்னாள். அவர் சத்தமாகவே சிரித்தார்.

"அதையும் ஒரு அத்தியாயமா எழுதும்மா. வார்த்தை ஒண்ணா இருந்தாப் போதாது, அர்த்தமும் ஒண்ணா இருக்கணும்னு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரியைப் பற்றி மறந்தே போனார் போல.

"சரி, இதுல ஒரு வண்டி பொய் சொன்னா? பக்கத்துல நின்னுக்கிட்டே, நான் தூரத்துல இருக்கேன்னு சொல்லி வேலையில இருந்து தப்பிச்சா?"

அசீனா காளிராஜைப் பார்த்தாள். அவன் அசீனாவைப் பார்த்தான்.

"தெரியல சார்," என்றாள் அசீனா, வாயெல்லாம் சிரிப்பாக.