சிவப்புப் பொட்டு வைத்த ஜாடிகள்

ஜெயபாண்டியின் காதில் விழும்படி யாரும் பானை என்று சொல்லிவிடக் கூடாது. அவர் செய்பவை படைப்புகள். பானையில் தண்ணீர் ஊற்றலாம். படைப்பை மேசைமேல் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தை அவர் கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலுக்கு வந்த நாளிலிருந்து சலிக்காமல் விளக்கிவருகிறார். கேட்பவர்களும் மரியாதையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிங்க அண்ணாச்சி, மீன்குழம்பு வைக்கிற மாதிரி ஒரு சட்டி கெடைக்குமா?" என்பார்கள்.

சென்னையில் விளம்பர நிறுவனமொன்றில் அடுத்தவர் சோப்புக்கும் சேமியாவுக்கும் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். நாற்பது வயதில் அவருக்கு மண்மீது ஆசை வந்தது. புதுச்சேரிப் பக்கம் போய்ச் சக்கரத்தில் உட்காரக் கற்றுக்கொண்டார். ஊருக்கு வெளியே அப்பாவின் புஞ்சையில் தகரக் கொட்டகை போட்டு, மின்சாரச் சக்கரமும் கேஸ் சூளையும் இறக்கி, மண்ணையே சமஸ்கிருதமாக்கி ‘மிருத்திகா’ என்று பெயர்ப்பலகை மாட்டினார். துண்டறிக்கையையும் பழைய தொழில் மறக்காமல் அவரே எழுதினார்: ‘கரிசல் மண்ணின் மௌனக் குரல்.’ கரிசல் மண் சக்கரத்தில் நிற்காது. நின்றாலும் காயும்போது வாய் பிளந்துவிடும். ஆகவே களிமண் மூட்டை மூட்டையாக வெளியூரிலிருந்து பார்சல் லாரியில் வந்தது. துண்டறிக்கையில் மௌனம் மட்டும் உண்மை.

அது அந்தக் கொட்டகையில் வேண்டிய மட்டும் இருந்தது. மனைவி முத்துச்செல்வி ஒரு கோடை முழுக்க அங்கே இருந்து பார்த்தாள். பிறகு தன் பழைய காப்பீட்டு அலுவலக வேலைக்கே, கோயம்புத்தூர்க் கிளைக்கு, திரும்பிவிட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. அப்படிப் போயிருந்தால் சமாதானம் பேசிக் கூட்டிவந்திருக்கலாம். "ஒங்க வேல ஒரு நெலைக்கு வரட்டும், வாரேன்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு என்ன செய்வது? தினமும் சாயங்காலம் போன் பேசினார்கள். சாப்டீங்களா, சாப்டேன். மழை உண்டா, இல்ல. அப்பறம்? அப்பறம் ஒண்ணுமில்ல. சில நாள் இந்த ‘அப்பற’த்தை அவர்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். குழந்தைகள் இல்லாததால் நடுவில் போனைப் பிடுங்கவும் ஆள் கிடையாது.

புஞ்சை நடுவே இருக்கும் கொட்டகையைத் தேடி யாரும் வரவில்லை. எனவே படைப்புகளே ஊர் ஊராகப் புறப்பட்டன. கோவில்பட்டி மஸ்தானின் குட்டியானை வண்டியில் வைக்கோல் பரப்பி, குவளை, ஜாடி, பூச்சாடி எல்லாம் ஏறின. கடைசியில் சக்கரமும் ஏறியது.

"அண்ணாச்சி, தக்காளி ஏத்துனா அழுகும், ஒங்க சரக்கு ஒடையும்" என்றார் மஸ்தான். "ரெண்டுல தக்காளி தேவல. அழுகுறதுக்கு முன்னாடி வித்துரும்."

"சரக்குன்னு சொல்லாதீங்க மஸ்தான்."

"சரி, சாமான்."

விளாத்திகுளத்தில் ஒரு வணிகர் மண்டபத்தில் மேசை போட்டார்கள். மிளகாய் மூட்டை வாடை சுவரிலிருந்தே வந்தது. அங்கே வேலுத்தாய் என்ற அம்மாள் நீலப் பூச்சுப் போட்ட குண்டு ஜாடி ஒன்றைத் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள்.

"ஓசை நல்லாத்தான் இருக்கு. இது எதுக்குய்யா?"

"எதுக்கும் இல்லம்மா. பாக்கதுக்கு."

"பாத்துட்டேன்" என்று அவள் அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் செயல்விளக்கத்துக்கு மட்டும் கூட்டம் குறையவே இல்லை. சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் எங்கிருந்தோ ஆட்கள் வந்து மூன்று பக்கமும் நெருக்கி நிற்பார்கள். ஓட்டப்பிடாரத்தில் ஒரு பள்ளிக்கூடமே மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தது. ஜெயபாண்டி உருண்டையை நடுவில் அமர்த்தி, கட்டைவிரலை இறக்கி, சுவரை மேலே இழுப்பார். மண் கழுத்து நீட்டி எழும்போது பிள்ளைகள் "ஓ" என்று கூவுவார்கள். வாய் விரியும்போது கைதட்டல். பிறகு அவர் வழக்கப்படி கம்பியால் அதை நடுவே இரண்டாக அறுத்து, சுவர் எவ்வளவு சீராக இருக்கிறது என்று காட்டி, இரண்டு பாதியையும் ஒன்றாகப் பிசைந்து திரும்ப உருண்டையாக்கிவிடுவார். செயல்விளக்கப் படைப்பு சூளைக்குப் போவதில்லை. அதே உருண்டைதான் அடுத்த ஊரிலும் எழுந்து, அறுபட்டு, உருண்டையாகும்.

சக்கரம் நின்றதும் கூட்டம் போய்விடும். இது அவருக்கு ஒவ்வொரு ஊரிலும் புதிதாக இருந்தது. தலை நிமிர்ந்தால் காலி நாற்காலிகள். முழங்கை வரை மண். கையைக் கழுவத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இல்லை. குழாயைத் திறக்கவும் அழுக்குக் கையால்தான் திறக்க வேண்டும். மூடுவதற்கு முன் குழாயையும் கழுவ வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை முத்துச்செல்வி போன் பண்ணினாள். சாப்பாடு, மழை எல்லாம் விசாரித்த பிறகு, "அப்பறம்?" என்றார் இவர்.

"அப்பறம்… எங்க ஆபீஸ்ல என்னைய ஹைதராபாத் போகச் சொல்லுதாவ. மூணு வருஷம். திங்கக்கிழம பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழம வந்து ஒங்க விற்பனையப் பாத்துட்டுப் போறேன்."

ஜெயபாண்டிக்கு இது பரீட்சை என்று விளங்கிவிட்டது. வேலை ஒரு நிலைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறாள். வந்திருந்தால் இங்கே; வராவிட்டால் ஹைதராபாத். கைவசம் இருந்ததோ ஒரு மண்டபம் நிறைய விற்காத படைப்புகளும் ஒன்றரை நாளும்.

அப்போதுதான் பெருநகரக் கண்காட்சிகளில் பார்த்த ஒரு வழக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே விற்றுப்போன பொருளின் பக்கத்தில் சிறு சிவப்பு வட்டம் ஒட்டுவார்கள். பொருள் கண்காட்சி முடியும்வரை அங்கேயே இருக்கும். வாங்கியவர் பிறகு எடுத்துக்கொள்வார். ஒன்றிரண்டு வட்டம் விழுந்தால் மற்றவர்களுக்கும் ஆசை கிளம்பும். சில கலைஞர்கள் முதல் வட்டத்தைத் தாங்களே ஒட்டிக்கொள்வார்கள் என்று கேள்வி. அவருடைய முதல் கண்காட்சியில் ஒரு வட்டம்கூட விழவில்லை. அன்று அவருடன் சுற்றி வந்த முத்துச்செல்விக்கு வட்டத்தின் பொருள் நன்றாகத் தெரியும்.

கோவில்பட்டியில் அந்த ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. மஸ்தான் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கி வந்தார்.

"மணப்பொண்ணு சைசா, தெனப்படிக்கு வைக்கிற சைசான்னு கேட்டா அந்தப் பிள்ள. நான் நடுவாந்தரமா வாங்கியாந்தேன்."

இருவரும் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஜாடிகளுக்குப் பொட்டு வைத்தார்கள். முதலில் நான்கைந்துக்கு என்றுதான் நினைத்தார். வைக்க வைக்க, வைக்காதவை விதவைக் கோலத்தில் நிற்பதுபோல் பட்டது. பொட்டு அட்டை தீர்ந்தபோது, பூச்சு ஓடிப்போன, கோணலான சில குவளைகள்தான் மிச்சம். நுழைவாயிலில் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்தார்: ‘சிவப்புப் பொட்டு உள்ளவை விற்பனை ஆனவை.’

"பூவும் வச்சுருவமா?" என்றார் மஸ்தான்.

பெருநகரத்தில் என்ன நடக்குமோ தெரியாது, கோவில்பட்டியில் இதுதான் நடந்தது: உள்ளே வந்தவர்கள் அறிவிப்பைப் படித்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், "எல்லாம் வித்துப் போச்சாம்ட்டி, வா" என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். பொட்டில்லாததை எடுத்துக் காட்டினால், "நல்லதையெல்லாம் எடுத்தாச்சு. கழிச்சுப் போட்டதத்தான் நம்ம தலைல கட்டப் பாக்காரு" என்றார்கள். சாயங்காலம் வந்த ஒரு பெண்மணி மட்டும் நீல ஜாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "இத வாங்குனவுக யாருன்னு சொல்லுங்களேன், கேட்டுப் பாக்கேன்" என்றாள். ஜெயபாண்டி, "அவிய மெட்ராஸு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ‘கரிசல் வட்டாரக் கலைப் பண்பாட்டு மேம்பாட்டுப் பேரவை’ சார்பில் பாராட்டு விழா. பேரவைக்குத் தலைவர் உண்டு, செயலாளர்கள் உண்டு, காப்பாளர்கள் உண்டு. உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது. தலைவர் திருப்பதி, மண்டபத்தின் சொந்தக்காரர். குத்துவிளக்கை ஏற்றி, ஜெயபாண்டிக்குப் பொன்னாடை போர்த்தி, அதே சூட்டில் தனக்கும் ஒன்று போர்த்தச் செய்துகொண்டு மைக்கைப் பிடித்தார்.

"தமிழன் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்ணில் மகத்துவம் கண்டவன்! இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தவன்! அந்தத் தாழியின் நேரடி வாரிசுகள்தாம் இதோ இங்கே வீற்றிருக்கும் இந்த டீக் குவளைகள்!"

கையில் குவளை வைத்திருந்த இரண்டு பெண்கள் அதைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் முத்துச்செல்வி உள்ளே வந்தாள். பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். ஹைதராபாத்துக்கு மூட்டை கட்டியே வந்துவிட்டாள் என்று ஜெயபாண்டி முடிவுகட்டிவிட்டார். அவள் பெட்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அறிவிப்பைப் படித்தாள். பிறகு மேசை மேசையாக நடந்தாள். ஒவ்வொரு பொட்டையும் பார்த்தாள். திருப்பதி மேடையிலிருந்து, "பேரவை எடுத்த அயராத முயற்சியால் ஏறத்தாழ அனைத்துமே விற்றுத் தீர்ந்துவிட்டன என்பதை மகிழ்ச்சியோடு…" என்று முழங்கினார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். அவரும் அறிவிப்பைத்தான் படித்திருந்தார்.

முத்துச்செல்வி திரும்பி ஜெயபாண்டியைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பல வருஷங்களாக அவர் எந்த முகத்துக்காகப் பிசைந்து, அறுத்து, மறுபடி பிசைந்துகொண்டிருந்தாரோ அந்த முகம்.

"என்னங்க இது, சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ நம்பமாட்டேன்னு நெனச்சேன்."

"எனக்குன்னு ஒரு டம்ளராச்சும் எடுத்து வச்சிருக்கீங்களா?" அவள் சாம்பல் நிறக் குவளை ஒன்றை எடுத்தாள். கைக்கு அடக்கமானது. அவள் கை நினைவில்தான் அதை அவர் வனைந்திருந்தார். அதைத் திருப்பியவள் மறுபக்கம் இருந்த பொட்டைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்த் திரும்ப வைத்தாள். "அய்யய்யோ, வித்ததா? அடுத்தவுக சாமான் நமக்கெதுக்கு." பொட்டில்லாத கோணல் குவளை ஒன்றைத் தேர்ந்து கைப்பையில் போட்டுக்கொண்டாள். "இது போதும். இதுவும் ஒங்க கைதான."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தது. அதற்குள் திருப்பதி இறங்கி வந்து, "தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரர் எங்கள மாதிரி ஆளுக்கெல்லாம் ஒண்ணுகூட மிச்சம் வைக்கலம்மா" என்றார். அவள் இன்னும் சிரித்தாள். திறந்த வாயால் ஜெயபாண்டி, "எல்லாம் பேரவையோட ஆதரவு" என்றார்.

மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பெட்டியை இவர்தான் இழுத்து வந்தார். கோயம்புத்தூருக்கு மதுரை போய்த்தான் மாற வேண்டும்; மதுரைப் பஸ்ஸில் ஏற்றி அவள் பக்கத்தில் வைக்கும்போது உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

"என்ன இது, இந்தக் கனம்?"

"குக்கர்." அவள் சேலை நுனியைத் திருகிக்கொண்டாள். "சிரிக்காதீங்க. ஹைதராபாத் வேண்டாம்னு சொல்லிரலாம்னுதான் வந்தேன். ஒரு மாசம் லீவும் போட்டுட்டேன். நீங்க அந்தக் கொட்டகையில தனியாக் கெடந்து, சோறு தண்ணி ஒழுங்கா இல்லாம, ஒண்ணும் விக்காம மருகுதீங்களோன்னு நெனச்சிட்டே இருந்தேன். போன்ல அப்பறம் அப்பறம்னு கேக்கும்போது அப்பிடித்தான் இருக்கும். பாத்தா, ஊரே வந்து வாங்கிட்டுப் போயிருக்கு! இனி எனக்குக் கவல இல்ல. நாளைக்கே சம்மதம்னு சொல்லிருதேன்."

ஜெயபாண்டி அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "செல்வி" என்றார்.

"ம்?"

முன் சீட்டு அம்மாள் திரும்பி, கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த குவளையைக் காட்டி, "எங்கன வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரவுக செஞ்சது" என்றாள் முத்துச்செல்வி. அவள் குரலில் இருந்த நிமிர்வை அவர் கல்யாண நாளில்கூடக் கேட்டதில்லை. "வேணும்னா இப்ப கெடைக்காது. எல்லாம் வித்துப் போச்சு."

கண்டக்டர் படியில் நின்று விசிலைக் கையில் எடுத்தார். "வழியனுப்ப வந்தவங்க எறங்குங்க. அண்ணாச்சி, நீங்க டிக்கெட்டா?"

"இல்ல" என்றார் ஜெயபாண்டி.

"அப்ப எறங்குங்க. நேரமாச்சுல்லா."

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள் அவள்.

"போன் பண்ணு."

இறங்கினார். அவள் ஜன்னல் மறுபக்கம் இருந்தது. கையசைப்பதற்காகப் பஸ்ஸின் பின்னால் சுற்றி ஓடினார். அதற்குள் டிரைவர் பின்னுக்கு எடுத்து, "பெரியவரே, சாகணும்னா வேற வண்டி பாருங்க" என்று சத்தம் போட்டார். ஒதுங்கி நின்றபோது பஸ் திரும்பிவிட்டது. ஜன்னல் மறுபடி அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கி, எதிரே வந்த ஜன்னல் வரிசையில் முகம் தெரியாதவர்களுக்கு அசைத்தார். ஒரு பிள்ளை பதிலுக்கு அசைத்தது.

அந்த இடத்தில் அடுத்த மதுரைப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கீழே குதித்து, "மதுர, மதுர, மதுர! அண்ணாச்சி, மதுரயா? இடம் கெடக்கு, ஏறுங்க. முன்னாடி போனத சாத்தூர்லயே பிடிச்சிருவோம்" என்றார்.

ஜெயபாண்டி படிக்கட்டைப் பார்த்தார். தோளிலேயே கிடந்த பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"இல்ல" என்றார். "சாயங்காலம் எனக்குச் செயல்விளக்கம் இருக்கு."