கட்டில் திரும்புகிற அளவு

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தபோது றுஸ்தாவின் வீட்டுக்கு இன்னும் கூரை ஏறியிருக்கவில்லை. முன்வீடு மூத்தவள் ஸம்றாவுக்குப் போய்விட்டது, இளையவளுக்குப் பின்வளவு. சாய்ந்தமருதில் எங்கும் இப்படித்தான். பெண்பிள்ளைக்கு ஒரு வீடு என்று வளவுகள் துண்டாகித் துண்டாகி, தென்னை நின்ற இடமெல்லாம் மதில் எழும்பி, ஒழுங்கைகள் ஒடுங்கிக்கொண்டே போயின. பின்வீட்டுக்குப் போகிற வழியை முன்வீட்டார்தான் விடவேண்டும். ஸம்றாவின் மாப்பிள்ளை றிம்சானோ, அந்த வழி வளைகிற மூலையிலேயே தன் வான் நிறுத்த ஒரு கராஜுக்கு அத்திவாரம் வெட்டி வைத்திருந்தான்.

புது மாப்பிள்ளையின் உம்மா பாத்தும்மா வளைவில் நின்று பார்த்தாள். “வழி இவ்வளவுதானா?”

“ஆட்டோ தாராளமா வரும் மாமி,” என்றான் றிம்சான்.

பெண்களின் உம்மா சுஹறா அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். “ஆட்டோ வந்து என்ன மகன்? இதுல சந்தூக்குத் திரும்பாதே,” என்றுவிட்டாள்.

கலியாணம் பேச வந்த இடத்தில், இறந்தவரைத் தூக்கிப்போகிற மையத்துப் பெட்டியின் பேர். சர்பத் கிளாஸ்கள் பாதியில் கீழே இறங்கின. பாத்தும்மா, “பொறகு கதைப்பம்,” என்று எழும்பிப் போனாள்.

“வாழ வர முந்தியே என்னத் தூக்கிட்டீங்களே உம்மா,” என்றாள் றுஸ்தா.

சுஹறா என்ன செய்வாள், பாவம். புருஷன் ஹமீட் மௌத்தானபோது பழைய ஒழுங்கையின் முடக்கில் சந்தூக்குத் திரும்பாமல், பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் கைமாற்றித்தான் எடுத்தார்கள். மதிலில் காய்ந்த குழந்தைச் சட்டைகளை யாரோ அவசரமாக வாரினார்கள். வழி என்றால் அவளுக்கு அந்த அளவுதான் வாயில் வரும். அதற்கு வேறொரு சொல் தேடிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாத்தும்மா தனியாக வந்தாள். வளைவிலேயே ஆட்டோவை நிறுத்தி இறங்கினாள்.

“எங்கட ஊடு மேற்கால, வயல் வட்டைய நிரப்பின பக்கம்,” என்றாள் சுஹறாவிடம். “லொறி போற றோட்டு. ஆனா அவனவன் தன்ட வயல மட்டும் நிரப்பி வித்ததால ஒரு றோட்டு மத்த றோட்டோட சேராது. பின்மதிலுக்கு அங்கால தங்கச்சி தாளிக்கிற மணக்கும். அவட ஊட்ட போக மெயின் றோட்டால சுத்தோணும்.” கொஞ்சம் சிரித்தாள். பிறகு றிம்சான் பக்கம் திரும்பினாள்.

“மகன், நாங்க ஒரு கட்டில் கொண்டு வருவம். இதால திரும்போணும்.”

“கட்டில்தானே மாமி, கழட்டிக் கொண்டு வரலாம்.”

“கழட்டாமத் திரும்போணும். திரும்பினா நாள் வைப்பம்.”

சுஹறா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பாத்தும்மா அத்திவாரக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ட வானுக்கும் கட்டிலுக்கும் இப்ப போட்டியாகிட்டு,” என்று முணுமுணுத்தபடி றிம்சான் உள்ளே போனான். ஸம்றாவின் தேக்குக் கட்டிலை மெத்தையில்லாமல் வெளியே எடுப்பித்தான். பின்வீடு கட்டுகிற மேசன்மார் மூன்று பேரும் அவனும் ஆளுக்கொரு மூலையாகத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் போன இருவரும் வளைவில் தயங்கினார்கள். பின்னால் றிம்சானின் கால் அவன் வெட்டிய கிடங்கின் விளிம்பில் நின்றது.

“இடப்பக்கம், இடப்பக்கம்.”

கட்டில் குறுக்கே நின்றது. நிலை வைக்காத ஜன்னலுக்குள் றுஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒழுங்கை வாயால் போன யாரோ ஒருவர், நாலு தோளையும் கண்டு சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, தலைகுனிந்து ஒதுங்கி நின்றார்.