தொடையில் நின்றுபோன அதிர்வு

குளித்துவிட்டு வந்த டாக்சிக்காரர் வலது தொடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் இல்லை.

இரண்டு கைகளிலும் ரத்தக்குழாய்கள் பாழாகிப்போன பிறகு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தொடைக்குள் வைத்த செயற்கைக் குழாய் அது. ரத்தம் ஓடும்வரை தோலுக்கடியில் பூனை உறுமுவதுபோல அதிர்ந்துகொண்டே இருக்கும்.

"ஓடுதாங்க?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஜோரா ஓடுது" என்று வாய் முந்திக்கொண்டது.

வண்டியை எடுத்த பிறகும் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. 'இதுவும் போச்சுன்னா அடுத்த இடம் தேடுறது கஷ்டம்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் கை தொடைக்குப் போனது. ஒருமுறை அதிர்வு தெரிந்தது! சந்தேகப்பட்டு இன்ஜினை அணைத்தார். அந்த அதிர்வும் நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"என்னப்பா, கால்ல எறும்பு ஏறிடுச்சா?" என்றாள் பின்சீட்டில் சவாரி வந்த அம்மா.

அவளை இறக்கிவிட்டு, ஓரங்கட்டி, மனைவிக்குப் போன் போட்டார்.

"ஓடலை."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்தே."

"நீங்க ஓட்டாதீங்க. வேற வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் வந்துடறேன்."

யாரோ ஓட்டிய டாக்சியின் பின்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழிநெடுக மிதித்துக்கொண்டே போனார்.

குழாய்க்குள் ரத்தம் உறைந்திருந்தது. டாக்டர் கட்டியை எடுத்தார். குழாய் ரத்தநாளத்தோடு சேரும் இடம் சுருங்கியிருந்ததால் பலூன் விட்டு அகலப்படுத்தினார்.

"எத்தனை நாள் தாங்கும்?"

"மாசமோ, வருஷமோ, சொல்ல முடியாது. திரும்பவும் அடைக்கலாம். நின்னுடுச்சுன்னா உடனே ஓடி வந்துடணும், ஒளிச்சு வைக்கக் கூடாது."

மறுநாள் டயாலிசிஸ். தொடையில் ஊசிகள் ஏறின, ரத்தம் மெஷினுக்குப் போய் வந்தது. பக்கத்து நாற்காலியில் மனைவி உம்மென்று இருந்தாள்.

"கோவமா?"

"எங்கிட்ட பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

"பயந்துட்டேன்டி."

"நான் மட்டும் பயப்படாமயா தினமும் கேக்கிறேன்?"

மூன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது. காலை அசைக்கக்கூடாது என்றிருந்தார்கள். அவரால் கைவிரல்களைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை; அதிர்வு இருக்கிறதா என்று தொடைப் பக்கமே போயின.