லாம்பிஸின் பெயர்நாள்

கோடையில் எங்கள் கிரேக்கத் தீவுக்கு வந்து கூத்தடித்துவிட்டுப் போகிறவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயிலோடு வந்து வெயிலோடு போகிற கூட்டம் அது. பிப்ரவரியில் தெற்குக் காற்று பேயாக அடித்து, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரவேண்டிய கப்பல் வராமல், கடையில் தக்காளி தீர்ந்து, சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடக்கும்போது இங்கேயே இருக்கிறவர்கள்தான் இருக்கிறவர்கள். வெளிநாட்டுக்காரர்களில் அப்படி இருந்தவள் ஹில்டா ஒருத்திதான். இங்கிலாந்துக்காரி, அறுபதைத் தாண்டியவள், எழுத்தாளர்.

வந்த மறு வருடமே இந்தத் தீவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டாள். அவள் ஊரில் அது நன்றாக விற்றது. இங்குள்ள மனிதர்களின் திறந்த கதவுகளைப் பற்றி அதில் முழுதாக ஓர் அத்தியாயம் உண்டு. படித்தவர்கள் கண்ணீர் விட்டதாகக் கடிதம் போட்டார்கள். ஆனால் ஆறு வருடத்தில் அந்தத் திறந்த கதவுகளில் ஒன்றைக்கூட அவள் தாண்டிப் போனதில்லை. எழுத்தாளர்களுக்கு மட்டுமே வாய்க்கிற சாமர்த்தியம் இது.

காலையில் எழுந்து விறகடுப்பை மூட்டி, மேசை முன்னால் உட்காருவாள். மதியம் வரை எழுதுவாள், அல்லது எழுதாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது புத்தகம் பாதியில் நின்று போயிருந்தது. மதியம் பயறு சூப், ஒரு துண்டு சீஸ், ரொட்டி. மாலையில் துறைமுகம் வரை நடை. ரொட்டிக் கடையில் ஒரு வணக்கம், தபால் நிலையத்தில் ஒரு வணக்கம். பூனையிடம் பேசியதைக் கழித்துவிட்டால் பல நாட்களில் அவள் பேசிய மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்கும் லாம்பிஸின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். லாம்பிஸ் கப்பல் இயந்திர அறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்தவர், காது மந்தம். அதனால் அவர் வீட்டுத் தொலைக்காட்சி ஹில்டாவின் வீட்டிலும் ஓடும். அவருடைய இருமல், அவர் மனைவி எவாந்தியா அவரைத் திட்டுவது, வாணலியில் மீன் விழும் சத்தம், எல்லாம் சுவர் வழியாக வந்துவிடும். ஆட்கள் மட்டும் வந்ததில்லை. தெருவில் பார்த்தால் எவாந்தியா மரியாதையாகத் தலையாட்டுவாள். அந்த மரியாதை ஹில்டாவுக்குக் குளிரைவிட மோசமாக உறைத்தது.

ஊரில் பிறந்த நாளை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கிறார்களோ அவருடைய நாள்தான் கொண்டாட்டம். லாம்பிஸின் நாள் பிப்ரவரி பத்து. அன்று சாயங்காலம் ஊரே அந்த வீட்டில் இருக்கும். நாற்காலி இழுபடும், கண்ணாடிக் கோப்பைகள் மோதும், யாராவது பாட ஆரம்பிப்பார்கள், நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு வருடமும் ஹில்டா சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை.

இந்த முறை விஷயம் வேறு. ஏதென்ஸில் பல் டாக்டராக இருக்கும் பந்தெலிஸ் என்பவர் கோடையில் அவள் வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, விற்பீர்களா, விற்பீர்களா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும் தங்கையும் வந்துவிடு என்கிறாள். ஹில்டா தன் மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். லாம்பிஸின் பெயர்நாளுக்கு இந்த வருடமாவது கூப்பிட்டால் சாகும்வரை இங்கேயே இருப்பது. இல்லாவிட்டால் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது. பத்தாம் தேதிக்குப் பிறகு பதில் சொல்கிறேன் என்று பந்தெலிஸிடம் சொல்லியிருந்தாள்.

பத்தாம் தேதி காலையில் கோயில் மணி அடித்தது. ஹில்டா ரொட்டிக் கடைக்குப் போனாள். கடைக்காரி சேவஸ்தி மூச்சு விட நேரமில்லாமல் இனிப்பு டப்பாக்களை ரிப்பன் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் கூப்பிட்டால் வெறுங்கையோடு போக முடியாதே என்று ஹில்டாவும் ஒரு டப்பா கேட்டாள்.

“யாருக்கு, லாம்பிஸுக்கா?” என்றாள் சேவஸ்தி, கத்தரியைக் கீழே வைக்காமல்.

கடையில் இன்னும் மூன்று பெண்கள் நின்றார்கள். கூப்பிடாத வீட்டுக்கு இவள் டப்பா வாங்குகிறாள் என்று நினைத்துவிட்டால்? ஹில்டாவுக்குக் காது சூடானது.

“இல்ல. எனக்குத்தான்.”

“உங்களுக்கே உங்களுக்கா? ஒரு கிலோவும்?”

“ஆமா.”

சேவஸ்தி புருவத்தை உயர்த்தினாள். “திங்கட்டும். குளிர் காலந்தானே,” என்று மற்றப் பெண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

சாயங்காலம் ஹில்டா நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தலை வாரினாள். டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. முதலில் பாதிரியாரும் அவர் மனைவியும் போனார்கள். பிறகு சேவஸ்தி, மாவு படிந்த காலணியோடு. தபால் நிலையக்காரர், அவர் மாமியார், படகுக்காரர்கள். எல்லோர் கையிலும் டப்பா. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அவள் பாதி எழுந்தாள். ஒவ்வொன்றும் அவள் கதவைத் தாண்டிப் போய் அடுத்த வாசலில் நின்றது. வயதான பெண்ணொருத்தி கதவு தட்டும் சத்தத்துக்காக உடையுடுத்திக் காத்திருப்பது எவ்வளவு கேவலம் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றினாலும் எழுந்து போய் உடையை மாற்ற மனம் வரவில்லை.

பாட்டு தொடங்கியதும் விளக்கை அணைத்தாள். தான் காத்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. இருட்டில் உட்கார்ந்து டப்பாவைப் பிரித்து ஒன்றை எடுத்துத் தின்றாள். பாதாம், சர்க்கரை, பன்னீர் வாசனை. அழுகை வந்தது. வாயில் இனிப்போடு அழுதாள்.

மறுநாள் காலையில் பந்தெலிஸுக்குப் போன் போட்டு, வீட்டைக் கொடுக்கச் சம்மதம் என்றாள். அவர் ஏக சந்தோஷத்தில், அடுத்த கப்பலிலேயே வந்து பத்திர வேலையை ஆரம்பித்துவிடலாம் என்றார்.

போனை வைத்ததும் வீடு இன்னும் அமைதியானது போலிருந்தது. சொல்லாமல் போவது அழகல்ல என்று அடுத்த வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. எவாந்தியா வாசலில் ஒரு பெரிய தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். காபிக் கடையிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

“எவாந்தியா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டை விக்கிறேன். ஊருக்கே போயிடறேன்.”

“அப்படியா. நல்லபடியா போயிட்டு வாங்க.”

அவள் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு சுலபமாக வழியனுப்புவாள் என்று ஹில்டா எதிர்பார்க்கவில்லை.

“அவ்வளவுதானா?”

“வேற என்ன பண்ணணும்? மாரடிச்சுக்கிட்டு அழணுமா?” எவாந்தியா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “ஆறு வருஷமா ஒரே சுவத்துல இருக்கோம். எங்க வீட்டுக்காரர் பேர்நாளுக்கு ஒரு தடவையாவது இந்தப் படியை மிதிச்சிருக்கீங்களா? நேத்து சேவஸ்தி வந்து சொல்றா, ஒரு கிலோ டப்பா வாங்கினீங்களாம், யாருக்குன்னு கேட்டா எனக்கேன்னீங்களாம். பாட்டு ஆரம்பிச்சதும் பட்டுனு லைட்டை அணைக்கிறீங்க. சத்தம் போடாதீங்கடான்னு அர்த்தம், எங்களுக்குப் புரியாதா? பாதிரியார் பாதியில பாட்டை நிறுத்திட்டாரு.”

“நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையே.”

“என்னது?”

“இந்த ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க கூப்பிடல.”

எவாந்தியா அவளை, நிஜமாகவே புத்தி பிசகியவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“பேர்நாளுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? இதென்ன கல்யாணமா, பத்திரிகை அடிக்க? கூடப் பிறந்த அண்ணனையே நான் கூப்பிட்டதில்ல. கூப்பிட்டா, எனக்கு ஏதாவது கொண்டுவான்னு கை நீட்டுற மாதிரி. வெக்கக்கேடு. கதவைத் தொறந்து வைப்போம், வெளி லைட்டைப் போடுவோம். எங்க மேல பிரியம் இருக்கிறவங்க வருவாங்க. இல்லாதவங்க வரமாட்டாங்க. அவ்வளவுதான் கணக்கு.”

ஹில்டா அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாது,” என்றாள். “சத்தியமா தெரியாது.”

“யாரையாவது கேட்டிருக்கலாமே. வாய் இல்லையா? புத்தகமெல்லாம் எழுதுறீங்க.” எவாந்தியாவின் குரல் கொஞ்சம் தணிந்து, உடனே மறுபடி ஏறியது. “அப்படிப் பாத்தா, நீ மட்டும் எங்களைக் கூப்பிட்டியா? நாங்க வரல? முத வருஷம் உன் பேர்நாளுக்கு?”

“எனக்கு ஏது பேர்நாள்? ஹில்டான்னு உங்க புனிதர் யாருமே இல்லையே.”

“புனிதர் இல்லாத பேருக்கெல்லாம் சகல புனிதர் நாள் இருக்கே. ஜூன் மாசம். நீ வந்து ஒரு மாசம்கூட ஆகல. தனியா வந்திருக்கா, ஒருத்தரும் போகலைன்னா மனசு விட்டுடுவான்னு நான்தான் எல்லாரையும் கிளப்பினேன். நானும் அவரும், சேவஸ்தி, பாதிரியார் வீட்டம்மா. ஆளுக்கொரு டப்பா. நீ வாசல்லயே நின்னு ஒவ்வொண்ணா வாங்கிக்கிட்ட. சிரிச்ச. நன்றின்ன. கதவைச் சாத்திட்ட. ஒரு வாய் தண்ணி இல்ல, உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. அவரு அன்னிக்கு சட்டைக்கு இஸ்திரி வேற போட்டிருந்தாரு. திரும்பி வர்ற வழியெல்லாம் ஒருத்தரும் பேசிக்கல.”

அந்த நாள் ஹில்டாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாமல் எப்படி? அதைத்தானே அவள் புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயமாக எழுதியிருந்தாள். புதிதாக வந்தவளை வரவேற்க ஊர்க்காரர்கள் இனிப்போடு வந்து நின்றதை, அவர்களின் எளிமையை, அந்த முதியவரின் சட்டையிலிருந்த இஸ்திரி மடிப்பைக்கூட விடாமல் எழுதியிருந்தாள். அவர் எதற்காக இஸ்திரி போட்டார் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆறு வருடமாகத் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று இவர்கள் மேல் வைத்திருந்த கோபம் முழுவதும் ஒரே நொடியில் தன் பக்கம் திரும்பிவிட்டது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து லாம்பிஸ் கத்தினார். “யாரு எவாந்தியா வாசல்ல?”

“பக்கத்து வீட்டு அம்மா.”

“அவளா? அப்புறம் ஏன் குளிர்ல நிக்க வச்சிருக்க? வரட்டும் உள்ள.”

எவாந்தியா கொஞ்சம் நகர்ந்து வழி விட்டாள்.

சுவரின் மறுபக்கத்தை ஹில்டா அன்றைக்குத்தான் பார்த்தாள். அதில் ஒரு கப்பல் படம் மாட்டியிருந்தது. அடியில் நீளமான ஒரு பெஞ்சு. லாம்பிஸ் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். ஹில்டா அவர் காதருகே குனிந்து, “பல்லாண்டு வாழ்க,” என்றாள்.

“என்ன?”

“பல்லாண்டு வாழ்க!”

“ஒரு நாள் லேட்டு,” என்றார் அவர்.

“ஒரு நாளா?” என்று எவாந்தியா வாசலிலிருந்து முனகினாள்.

அவர் தட்டை நீட்டினார். “உடைஞ்சதுதான் மிச்சம். எடுத்துக்க.”

அவள் ஒரு உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். எவாந்தியா ஒரு சின்னக் கோப்பையில் இனிப்பு மது ஊற்றி அவள் முன்னால் வைத்தாள், கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். லாம்பிஸ் தொலைக்காட்சியைப் போட்டார். கப்பல் இன்றைக்கும் இல்லை என்று செய்தி சொன்னது. ஹில்டா கோப்பையைக் காலி செய்யும் வரை உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள். போக வேண்டாம் என்று எவாந்தியா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று இருந்தது. அடுத்த வருஷம் வா என்றாவது. எவாந்தியா தொட்டித் தண்ணீரை வாசலில் கொட்டினாள். “படியில வழுக்கும், பாத்து,” என்றாள்.

வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல், பந்தெலிஸுக்குப் போன் போட்டாள்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். வீட்டை விக்கல.”

“என்னங்க இது, காலையிலதானே சரின்னீங்க? யாராவது மனசைக் கலைச்சிட்டாங்களா? போகாதேன்னு அங்க யாராவது கெஞ்சினாங்களா?”

“இல்ல,” என்றாள் ஹில்டா. “ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”